நடு ஸ்பீக்கருக்கு அடியில் இருந்த தாள்

அந்தத் தாள் என் மேசையில் இருக்கிறது. எட்டாக மடித்தது. மடிப்பு ஓரங்கள் பழுப்பேறிவிட்டன. மேல் மடிப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம். உன் நடு ஸ்பீக்கரின் ரப்பர் கால் இரண்டு ஆண்டுகள் அழுத்தி நின்ற இடம் அது. விரித்தால் உன் வீட்டு முன்னறையின் வாசனை வருகிறது. டிவி ஸ்டாண்டின் பிளைவுட், ரப்பர், கொஞ்சம் சாம்பிராணி. இதை எடுத்து வந்து பதினொரு நாள் ஆகிறது. தினமும் கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு முறை விரித்துப் பார்க்கிறேன். பிறகு அதே மடிப்பில் மடித்து வைக்கிறேன்.

எழுதுவது எனக்குத் தொழில். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் முப்பத்து நான்கு ஆண்டுகளாக உட்கார்ந்து பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறேன். நீ போனபோது நாலு வரிச் செய்தியும் நான்தான் எழுதினேன். ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, வயது, மனைவி, ஒரு மகள், இறுதிச் சடங்கு நேரம். அதில் பிழை ஒன்றும் இல்லை. உன்னைப் பற்றியும் ஒன்றும் இல்லை. அதன் பிறகு உன்னைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அலுப்பாக இருந்தது. இப்போதும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்தத் தாளைப் பற்றி உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

நீ போனில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசியதில்லை. "நேர்ல வா மாப்ள, பேசுவோம்" என்று வைத்துவிடுவாய். அல்லது ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி நீயே வந்துவிடுவாய். அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன். அன்றும் அப்படித்தான் வந்தாய். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் எனக்கு நேர் எதிராக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாய்.

"புது டிவில படம் கண்ணாடி மாதிரி இருக்கு. பேச்சுதான் ஒண்ணும் வெளங்கல. ஹோம் தியேட்டர் ஒண்ணு வாங்கணும். முப்பதாயிரம் ஒதுக்கியிருக்கேன். அதுக்கு மேல ஒத்த ரூவா கெடையாது. நீதான் எல்லாத்தையும் விசாரிச்சு எழுதுதவன்லா, இதையும் விசாரி."

சந்தேகப்பட எனக்குக் காரணம் இல்லை. சுவரோடு ஒட்டிய இந்தத் தட்டை டிவிகளில் சத்தம் பின்பக்கமாகப் போய்ச் சுவரில் மோதுகிறது. என் வீட்டிலும் அதே கதைதான். "எல்லா வீட்லயும் அப்படித்தான்யா" என்றேன். நீ தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலில் ஒரு நிம்மதி இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. இப்போது தோன்றுவதை அன்று பார்த்ததாக எழுதக் கூடாது. அன்று நான் பார்க்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் அந்தக் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைக்குப் போனோம். கழுத்தில் பட்டை மாட்டிய விற்பனையாளர் எடுத்ததுமே ஒரு சண்டைக் காட்சியைப் போட்டார். அதிர்வுச் சத்தத்துக்கென்று தனியாக வைத்த வூஃபர் பெட்டியில் நீல விளக்கு மினுங்கியது. என் சட்டைப் பையில் இருந்த பேனா அதிர்ந்தது. பெட்டியின் மேல் எத்தனையோ ஆயிரம் வாட்ஸ் என்று அச்சடித்திருந்தது. அது எப்படி அளந்த கணக்கு என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நீ வூஃபரின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு கையை எடுத்துவிட்டு, "இது கைக்கு நல்லாருக்கு மாப்ள. வா போவோம்" என்றாய். நான் சிரித்தேன். நோட்டில் எழுதியும் வைத்தேன், நல்ல வாக்கியம் என்று.

அடுத்த ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூரில் பாய் கடை. பஸ் ஸ்டாண்டிலிருந்து தேரடிக்குப் போகும் வழியில், ஒரு பக்கம் பேன்சி ஸ்டோர், எதிரே பிளாஸ்டிக் வாளிக் கடை. புதுசும் விற்பார், கை மாறிய ஆம்ப்ளிஃபயரைச் சரிபார்த்தும் விற்பார். பெட்டியில் போட்ட நம்பரை நம்ப வேண்டாம் என்று சொன்ன முதல் கடைக்காரர் அவர்தான்.

"முப்பதாயிரத்துக்கு அஞ்சு டப்பா வாங்குனா அஞ்சும் எரையும், அம்புட்டுதான்" என்றார். "மூணு வாங்குங்க அண்ணாச்சி. எடம், வலம், நடு. படத்துல பேச்சு அம்புட்டும் நடு ஸ்பீக்கர்லதான் வரும். பணத்த அதுல போடுங்க. ஆம்பு பழசு போதும், நான் உத்தரவாதம். பின்னாடி ரெண்டும் வூஃபரும் பொறவு பாத்துக்கிடலாம்."

"அப்ப நடு ஸ்பீக்கர மட்டும் போட்டுக் காமிங்க. பாட்டு வேண்டாம், சண்டை வேண்டாம். நியூஸ் போடுங்க" என்றாய்.

"நியூஸா? ஹோம் தியேட்டர் வாங்க வந்து நியூஸ் கேட்ட மொத ஆளு நீங்கதான்."

"இவன் ரிப்போர்ட்டர்லா. கூடவே திரிஞ்சு ஒட்டிக்கிடுச்சு."

பாய் சிரித்துக்கொண்டே போட்டார். திரையில் செய்தி வாசிக்கும் பெண் வந்தாள். நீ கையைக் காட்டி நிறுத்தினாய். "இந்தப் பிள்ள வேண்டாம் பாய். வெள்ளம், விபத்துன்னு காமிக்கையில ஆளு தெரியாம கொரல் மட்டும் வரும்லா, அது வரட்டும்." குரல் மட்டும் வந்தபோது டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாய். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிர்க் கடை வாளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"என்ன அண்ணாச்சி, வாளி வாங்கப் போறீங்களா?" என்றார் பாய். நீ திரும்பவில்லை. அவர் இன்னொரு முறை கேட்டார். அப்போதும் நீ திரும்பவில்லை. "ரசிச்சுக் கேக்கான் பாய், விடுங்க" என்றேன் நான்.

செய்தி முடிந்ததும் திரும்பி, "கால்வாசி. அடுத்தது போடுங்க" என்றாய். அடுத்ததற்கு "அரை" என்றாய். மூன்றாவதற்கு, செத்த நேரம் கூடுதலாக நின்று, "முக்காவாசி. இதுதான்" என்றாய். ஒலியின் தரத்துக்கு மார்க் போடுகிறாய் என்று நினைத்தேன். அந்த முறை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதன் பிறகு ஸ்பீக்கர் வாங்கப் போகிற பத்துப் பேரிடமாவது சொல்லியிருக்கிறேன், டிவிக்கு முதுகைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள் என்று. முறை என்னவோ நல்ல முறைதான். அது ஏன் உனக்குத் தேவைப்பட்டது என்று மட்டும் நான் கேட்கவில்லை.

கேட்பதற்குப் பதிலாகச் சண்டை போட்டேன். அந்த மூன்றாவது ஸ்பீக்கர் விலை கூடுதல். அதை வாங்கினால் இடமும் வலமும் சின்னதாகத்தான் கிடைக்கும். வூஃபருக்கு வழியே இல்லை.

"மூணு டப்பாவுக்கு ஹோம் தியேட்டர்னு பேரு வேறயாலே? வூஃபர் இல்லாம எவன் படம் பாப்பான்?"

"ஒனக்கு வீடு அதிரணும். எனக்கு வெளங்கணும். போதும்லா?"

"கஞ்சப்பயலே."

"ஆமா, கஞ்சன்தான். நீ வாங்கிக் குடேன் வூஃபரு."

பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ சொன்னார். நீ அந்த மூன்றையும்தான் வாங்கினாய்.

உன்னைப் போல நான் சொல்வதைக் கேட்பவன் ஒருவனும் இல்லை என்று என் வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பேன். நான் பேசினால் உன் பார்வை என் முகத்தை விட்டு அகலாது. நடுவில் குறுக்கிட மாட்டாய். ஒரு முறை எனக்காகக் கோர்ட்டின் கடைசி பெஞ்சில் காத்திருந்தபோது, அந்தப் பக்கம் குசுகுசுத்துக்கொண்டிருந்த இரண்டு வக்கீல்களைக் காட்டி, "வாய்தா வாங்கப் போறாங்க மாப்ள" என்றாய். அப்படியே வாங்கினார்கள். "ஒனக்குப் பாம்புக் காதுய்யா" என்றேன். நீ சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிரிப்பு தேவைக்கு ஒரு வினாடி கூடுதல் நீளமாக இருந்தது.

இத்தனைக்கும் மில்லுக்குள் நீங்கள் எப்படிப் பேசிக்கொள்வீர்கள் என்று ஞாயிறு மலரில் முக்கால் பக்கம் எழுதியவன் நான். தகவல் தந்தவன் நீ. நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மிஷின்கள் ஓடும் கூடத்தில் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. மீசையை முறுக்கிக் காட்டினால் மேஸ்திரி வருகிறார். கட்டை விரலை வாயருகே சாய்த்தால் டீ. மற்றதெல்லாம் சத்தமில்லாமல் வாயை மெதுவாக அசைத்துப் பேச்சு. முப்பது அடி தள்ளி நிற்பவன் உதட்டைப் பார்த்தே படித்துவிடுவான். இதையெல்லாம் நீ சொல்லச் சொல்லச் சுவையாக எழுதினேன். பத்தொன்பது வயதில் அந்தக் கூடத்துக்குள் போனவனின் காது அறுபதில் என்ன ஆகியிருக்கும் என்று அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. எந்த ஜூனியர் நிருபராவது அப்படி ஒரு கட்டுரையைக் கொண்டு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

எல்லோரும் மாஸ்க் போட்டுத் திரிந்த காலத்தில் நீ பேச்சைக் குறைத்துக்கொண்டாய். டீக்கடைக்கு வருவதை நிறுத்தினாய். நோய்க்குப் பயப்படுகிறாய் என்று நினைத்துக் கேலி செய்தேன். மாஸ்க் போன பிறகும் நீ பழையபடி வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஸ்பீக்கர் பேச்சை எடுத்தாய்.

மாட்டித் தர பாயே வந்தார். மொசைக் தரை எதிரொலிக்கிறது என்று ஜமுக்காளம் விரிக்கச் சொன்னார். நடு ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே முழங்கால் உயரத்தில் இருந்தது. "இப்படி வச்சா பேச்சு உங்க காலுக்குத்தான் கேக்கும். முன்பக்கத்தச் செத்த தூக்கிவிட்டு காதப் பாக்க வைக்கணும். அட்டை, கிட்டை இருக்கா?" என்றார். நீ உள்ளே போய் பீரோவைத் திறந்து ஒரு தாளை எடுத்து வந்தாய். நின்றபடியே மடித்தாய். இரண்டு, நாலு, எட்டு. ஒவ்வொரு மடிப்பையும் கட்டைவிரல் நகத்தால் தேய்த்தாய்.

"என்னலே அது, கரண்ட் பில்லா? கட்டிட்டியா இல்லையா?"

"வேற எதுக்கும் ஆகாத பேப்பரு மாப்ள. இதுக்காவது ஆவட்டும்."

குனிந்து நடு ஸ்பீக்கரின் முன்காலுக்கு அடியில் செருகினாய். பாய் சோபாவில் உட்கார்ந்து பார்த்துச் சரி என்றார். சாயங்கால சீரியலைப் போட்டோம். அடுப்படியில் இருந்து உன் மனைவி கரண்டியோடு வந்து நின்றார். "என்னண்ணே இது, பக்கத்து வீட்டுக்காரி வந்து ஒக்காந்து பேசுத மாதிரி இருக்கு!" எல்லோரும் சிரித்தோம். சீரியலில் ஒரு மாமியார் ஏதோ சொன்னாள். அதற்கும் எல்லோரும் சிரித்தோம். நீயும் எங்களோடு சேர்ந்து அதே நேரத்தில் சிரித்தாய். எப்போதும் ஒரு வினாடி பிந்திச் சிரிப்பவன் நீ என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. உறைத்து, அதோடு போயிற்று.

போன மாதக் கடைசியில் உன் மனைவி போன் செய்தார். வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்கப் போகிறாராம். "அந்தச் செட்டக் கழட்டத் தெரியல. வந்து கழட்டிக் குடுத்துட்டு அந்த நடு டப்பாவ நீங்களே எடுத்துட்டுப் போங்கண்ணே. அவியளும் நீங்களும் சண்டை போட்டு வாங்குனது."

போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போக வேண்டியிருந்தது. முழங்கால் வலித்தது. வயர்களை ஒவ்வொன்றாக உருவினேன். நடு ஸ்பீக்கரைத் தூக்கியபோது தாள் பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தேன். பில்லாக இருந்தால் தேதி பார்க்கலாம் என்று விரித்தேன். தொழில் புத்தி.

மதுரையில் ஒரு காது பரிசோதனை நிலையத்தின் தாள். ஒரு கட்டம். சிவப்பில் வட்டங்கள், நீலத்தில் பெருக்கல் குறிகள், இரண்டு கோடுகளும் வலப்பக்கம் போகப் போகச் சரிந்து கீழே இறங்குகின்றன. கீழே இரண்டு வரி ஆங்கிலத்தில். இரண்டு காதிலும் கடுமையான இழப்பு, இரண்டு காதுக்கும் மிஷின் வைக்க வேண்டும். தேதி, நீ டீக்கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்ததற்கு ஆறு நாள் முந்தையது. வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்துச் சரிபார்த்தேன். அந்த மிஷின் என்ன விலை என்று பிறகு விசாரித்தேன். விசாரித்திருக்க வேண்டாம். உன் முப்பதாயிரத்தில் ஒரு காதுக்காவது வந்திருக்கும்.

"என்ன பேப்பர்ண்ணே அது?" என்றார் உன் மனைவி.

பொய் சொல்ல நினைத்தேன். வாரண்டி கார்டு என்று வாய் வரை வந்தது. ஆனால் அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். படித்துச் சொன்னேன்.

அவர் தாளை எட்டிப் பார்த்தார். பிறகு, "மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போறேன்னுதான் சொல்லிட்டுப் போனாவ" என்றார்.

"காது கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா தங்கச்சி?"

"மில்லுக்காரன் பொண்டாட்டிக்குத் தெரியாதாண்ணே? முப்பது வருசமா முன்னால போயி நின்னுட்டுத்தான் பேசுதேன். அடுப்பு எரிஞ்சாலும் அமத்திட்டு வந்து நிப்பேன். இந்தத் தெருவுல அம்புட்டு பொம்பளையும் அப்படித்தான். ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

"மிஷின் மாட்டுங்கன்னு நானும் சொன்னேன். இவிய கூட்டாளி ஒருத்தரு மாட்டிட்டு வந்தாரு. அன்னையில இருந்து அவருகிட்ட எல்லாரும் கத்தித்தான் பேசுதாங்க, இல்லாட்டி பேசுததே இல்ல. எனக்கு அது வேண்டாம், என் கூட்டாளிக என்கிட்ட சாதாரணமா பேசட்டும்னு சொல்லிட்டாவ." அவர் தாளை வாங்கி, அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். "இம்புட்டு கீழ போயிருக்கே. இம்புட்டுன்னு தெரியாதுண்ணே எனக்கு."

ஸ்பீக்கர் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு செவ்வகம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஆஸ்பத்திரில கடைசியா அஞ்சு நிமிசம் உள்ள விட்டாங்க. அவியளால பேச முடியல, வாயில கொழாய் இருந்துச்சு. நான் ஒண்ணு சொன்னேன். சொல்லாம வச்சிருந்தத சொன்னேன். கேட்டுச்சா கேக்கலையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலண்ணே. இந்தப் பேப்பரப் பாத்தா கேட்டிருக்காதுல்ல?"

முப்பத்து நான்கு ஆண்டுகளில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இவ்வளவு பயந்து கேட்டதில்லை.

"கண்ணு தொறந்திருந்துச்சா?"

"தொறந்துதான் இருந்தாவ. என்னையத்தான் பாத்தாவ."

"நீங்க மாஸ்க் போட்டிருந்தீங்களா தங்கச்சி? உள்ள விடும்போது போடச் சொல்லியிருப்பாங்களே."

"சொன்னாங்க. போட்டுட்டுத்தான் போனேன்." அவர் கை தன் வாயருகே போனது. "அவிய என் வாயையே பாத்தாவ. அதான் கீழ எறக்கிவிட்டுட்டுப் பேசுனேன். அந்த நர்சு திட்டுச்சு. திட்டிட்டுப் போகட்டும்னு முழுசாச் சொல்லிட்டுத்தான் மேல ஏத்துனேன்."

"அப்ப கேட்டுச்சு" என்றேன். "முழுசாக் கேட்டுச்சு தங்கச்சி."

அவர் புடவைத் தலைப்பால் அந்தச் செவ்வகத்தைத் துடைத்தார். சுற்றிலும் தூசி அப்படியே இருந்தது. அவர் உன்னிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டது சரி. மற்றவற்றை விட்டது சரியில்லை.

உன் ஸ்பீக்கர் இப்போது என் டிவிக்குக் கீழே இருக்கிறது. முன்பக்கம் தாழ்ந்து என் காலைப் பார்த்துப் பேசுகிறது. மகனின் பழைய கேரம் காய் ஒன்றை அடியில் கொடுத்திருக்கிறேன். உன் தாளை வைக்க மனம் வரவில்லை. பேச்சு துல்லியமாக வருகிறது. வூஃபர் தேவையே இல்லை. நீ சொன்னதுதான் சரி.

என் காதுக்கு இன்னும் ஒன்றும் இல்லை. இருந்தாலும் என் மனைவி அடுப்படியில் இருந்து ஏதாவது கேட்டால், முன்பு போல இருந்த இடத்தில் இருந்து குரல் கொடுப்பதில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், அவள் முன்னால் நின்று, அவள் நிமிர்ந்து பார்த்த பிறகு பதில் சொல்கிறேன். "இந்தா இருக்கிற எடத்துக்கு எதுக்கு இம்புட்டு தூரம் நடக்கீங்க?" என்கிறாள். அவளுக்கு இன்னும் காரணம் சொல்லவில்லை. கேட்டால் சொல்வேன்.